நரைத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்: எண்ணெயா, ஹீட் கன்னா, பெயின்டா?

சாம்பல்பம்பர்:
வணக்கம். வண்டிக்கு 9 வயசு. பெயின்ட் இன்னும் நல்லாத்தான் இருக்கு. வாரம் ஒரு கழுவல், வருஷத்துக்கு ரெண்டு தடவை வேக்ஸ்னு பார்த்துக்கறேன். ஆனா கறுப்பு பிளாஸ்டிக் பூரா நரைச்சுப் போச்சு. முன் பம்பரோட கீழ்ப்பாதி, சக்கர வளைவு கிளாடிங், மிரர் அடிப்பாகம், ரூஃப் ரெயில், வைப்பர் உட்கார்ற கவுல். கவுல்தான் இருக்கறதுலயே மோசம், பழைய சிமென்ட் தரை மாதிரி இருக்கு. பத்தடி தள்ளி நின்னு பார்த்தா வண்டியோட வயசைக் காட்டிக் கொடுக்கறதே இந்த பிளாஸ்டிக்தான்.

பளபளப்பு ஸ்ப்ரே ரெண்டு மூணு வகை அடிச்சுப் பார்த்தாச்சு. அடிச்ச அன்னிக்குப் புது வண்டி, ரெண்டு கழுவல் தாண்டினா பழைய கதை. ஒரு மழையில மிரர்ல இருந்து கதவு மேல கோடு கோடா வழிஞ்சு, அதைத் துடைக்கவே அரை நாள் போச்சு. வேக்ஸ் போடும்போது கை தவறி பிளாஸ்டிக்ல பட்ட இடமெல்லாம் வெள்ளைத் திட்டு, அது தனிக் கடுப்பு.

ஒருத்தர் ஹீட் கன் (சூடு காத்து ஊதற மெஷின்) பிடிங்கறார், ஒருத்தர் எண்ணெய் தடவுங்கறார், ஒருத்தர் செராமிக் கோட்டிங் போடுங்கறார். நிஜமாவே கையால செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. கண்ணாடி ஓரத்து பீடிங்கும், உள்ளே டேஷ்போர்டும்கூட மங்கிட்டு வருது. எல்லாத்துக்கும் ஒரே மருந்தா?

பழையவண்டி:
சமையல் எண்ணெய் தடவுங்க. நான் ரொம்ப வருஷமா அதான். செலவே இல்லை.

ஞாயிறுகழுவல்:
தடவுங்க, அப்புறம் ரோட்டுத் தூசி மொத்தமும் உங்க பம்பர்ல வந்து குடியேறும். ரெண்டு வாரத்துல பிசுக்கு, அப்புறம் ஒரு காறல் வாடை. விளையாட்டுக்குச் சொல்லல, ஒரு நண்பரோட வண்டிய கழுவிக் கொடுத்த அனுபவம். ப்ரஷ்ஷே ஒட்டிக்கிச்சு.

பழையவண்டி:
சரி, டீசல்ல துணிய நனைச்சுத் துடைச்சா? நம்ம செட்ல எல்லாரும் அதானே செய்யறாங்க?

மோல்டிங்_ஆள்:
டீசலைக் கீழே வைங்க முதல்ல. கதவு பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். தண்ணி, வெயில், ஓசோன் எல்லாத்தையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகாது. உறிஞ்சி ஊதிப்போகும், கொழகொழன்னு ஆகும். மிரர் அடியில தடவினது வழிஞ்சு பீடிங்குக்குப் போச்சுன்னா கண்ணாடி ஏத்தி இறக்கும்போது தெரியும்.

நான் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் வேலையில இருக்கேன், இந்த மாதிரி பார்ட்டுகளை அச்சுல இருந்து சூடா கையில வாங்கினவன். அதனால மருந்துக்குப் போறதுக்கு முன்னாடி வியாதியப் பத்திக் கொஞ்சம்.

எல்லாரும் ‘கலர் போயிருச்சு’ன்னு சொல்றோம். கலர் எங்கேயும் போகல. கறுப்பு நிறத்தைக் கொடுக்கறது கார்பன் கறுப்பு, நுண்ணிய கரித்தூள். வெயில் அதை ஒண்ணும் பண்ணாது. சொல்லப்போனா பிளாஸ்டிக்கை வெயில்ல இருந்து காப்பாத்தறதே அதுதான். பூமியில பதிக்கற கறுப்பு பாலிஎத்திலீன் தண்ணிக் குழாய்ல 2 முதல் 2.5 சதவீதம் கார்பன் கறுப்பு இருக்கணும்னு தர விதியே உண்டு.

அழியறது பிளாஸ்டிக்கோட மேல்தோல். உங்க பம்பர், கிளாடிங் எல்லாம் அநேகமா பாலிபுரொப்பிலீன், கொஞ்சம் ரப்பர் கலந்தது, விறைப்புக்கு டால்க் பவுடர் சேர்த்தது. பார்ட்டைக் கழட்டி உள்பக்கம் பாருங்க, ரெண்டு அம்புக்குறிக்கு நடுவே பிபி+இபிடிஎம்-டி20 மாதிரி எழுத்து பொறிச்சிருக்கும். டி20ன்னா டால்க் 20 சதவீதம். வெயில்ல இருக்கற புறஊதாக் கதிரும் காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேர்ந்து பாலிபுரொப்பிலீனோட நீளச் சங்கிலிகளைத் துண்டு துண்டா வெட்டும். இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே ஸ்டெபிலைசர் கலக்கறோம். அது தீர்ந்த இடத்துல மேல்தோல் வெடிக்க ஆரம்பிக்கும். வத்தின குளத்துல வண்டல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குமே, அதே காட்சி, கண்ணுக்குத் தெரியாத அளவுல. அந்த வெடிப்புக்குள்ள காத்து நிக்குது, வெளிச்சம் அதுல பட்டு நாலா பக்கமும் சிதறுது, உள்ளே இருந்த டால்க்கும் வெளியே எட்டிப் பார்க்குது. நமக்கு வெள்ளையாத் தெரியுது. கறுப்பு அடியில அப்படியேதான் இருக்கு, மேல சாம்பல் திரை விழுந்திருக்கு.

நம்பலேன்னா ஈர விரலால பம்பரைத் தொட்டுப் பாருங்க. தொட்ட இடம் சட்டுனு கறுப்பாகும். காத்தோட ஒளிவிலகல் எண் 1, தண்ணிக்கு 1.33, பாலிபுரொப்பிலீனுக்கு ஏறக்குறைய 1.49. வெடிப்புக்குள்ள காத்து இருந்த இடத்துல தண்ணி போய் நின்னதும் இடைவெளி குறையுது, சிதறலும் குறையுது. எண்ணெய் தடவினாலும் இதேதான் நடக்குது. சீக்கிரம் காயாத தண்ணி, அவ்வளவுதான் அது.

அதனால எந்த பாட்டில்ல என்ன எழுதியிருந்தாலும் வழி மூணுதான். வெடிப்பை நிரப்பறது, உருக்கி மூடறது, மேல எதையாவது போர்த்தறது. எதுவும் போன ஸ்டெபிலைசரைத் திருப்பிக் கொண்டு வராது.

சாம்பல்பம்பர்:
அண்ணா, இப்பதான் போய்த் தொட்டுப் பார்த்துட்டு வந்தேன். பம்பர், மிரர், கிளாடிங் மூணும் நல்ல கறுப்பாகுது. கவுல் மட்டும் நனைச்சும் பாதி சாம்பலாவே நிக்குது. கையில கரித்தூள் மாதிரி ஒட்டுது வேற.

மோல்டிங்_ஆள்:
கவுல் படுத்த வாக்குல இருக்கு, உச்சி வெயில் நேரா அடிக்குது, கீழே இன்ஜின் சூடு வேற. அது ரொம்ப ஆழமாப் போயிருக்கும். கையில ஒட்டறது உதிர்ந்த மேல்தோல். அதை நிரப்பறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற வேலை. பெயின்ட் அடிக்கலாம், இல்லேன்னா மாத்தலாம். மத்த மூணும் காப்பாத்தற நிலையிலதான் இருக்கு.

ஹீட்கன்_கை:
உருக்கி மூடற கட்சி நான். செஞ்சவன், கெடுத்தவனும் நான்தான். ரெண்டையும் சொல்றேன்.

நல்லாக் கழுவிக் காய வச்சு, பக்கத்துப் பெயின்ட்டுக்கு மேல ரெண்டு அடுக்கு டேப், அதுக்கு மேல ஈரத்துணி. ஹீட் கன்னை நாலு விரல் தள்ளிப் பிடிச்சு, ஸ்ப்ரே அடிக்கற மாதிரி நிக்காம நகர்த்திட்டே இருக்கணும். முதல் அஞ்சாறு வீச்சுல ஒண்ணும் தெரியாது. என்னடா இதுன்னு நினைக்கும்போது மேகம் கடந்து நிழல் விழற மாதிரி ஒரு கறுப்பு பரவும் பாருங்க, அது ஒரு போதை. அந்த நொடியில நகர்ந்துடணும். நான் நகரல. இன்னும் கொஞ்சம் கறுப்பாகட்டும்னு பம்பர் மூலையில நின்னேன். மேல இருந்த சொரசொரப்புப் புள்ளி வேலைப்பாடு வழவழன்னு ஆகி, விளிம்பு அலை மாதிரி வளைஞ்சு போச்சு. அந்த இடத்தை இன்னிக்கும் வெளிச்சம் சாய்வா விழுந்தா கண்டுபிடிச்சுடலாம்.

பாலிபுரொப்பிலீன் 160 முதல் 165 டிகிரிக்குள்ள உருகிடும். ஹீட் கன் முனையில 500 டிகிரிக்கு மேல வரும். இந்தக் கணக்கு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நின்னிருக்க மாட்டேன்.

எவ்வளவு நாள் நிக்கும்? எனக்கு ஒரு கோடை தாண்டல. ரெண்டாவது தடவை செஞ்சேன், முதல் தடவை வந்த கறுப்பு வரல.

மோல்டிங்_ஆள்:
வராது. துண்டான சங்கிலி உருக்கினதால திரும்ப ஒட்டாது. வெடிப்பு மட்டும் மூடிக்கும். அந்தத் தோல்ல வெயிலைத் தாங்க எதுவும் மிச்சமில்லாததால புதுசா வெடிக்கறதுக்கு முன்ன மாதிரி வருஷக்கணக்கு ஆகாது. சூட்டால ஒரு பிரயோஜனம் இருக்கு: செஞ்ச கையோட, பார்ட் நல்லா ஆறினதும், மேல கோட்டிங் போட்டா கொஞ்சம் நிக்கும். சூடு மட்டும் காட்டிட்டு விட்டா வீண்.

வினைல் இருக்கற இடத்துல ஹீட் கன் பக்கமே போகாதீங்க, அது வேற ஜாதிப் பொருள். அதைச் சீட்வேலை அக்கா சொன்னா நல்லா இருக்கும்.

டிங்கர்மாமா:
நான் பெயின்டர். எனக்கு இந்த இழையில இருக்கற எல்லார் மேலயும் கோபம், ஏன்னா நீங்க தடவற பளபளப்புத் திரவத்துல இருக்கற சிலிக்கோனுக்கெல்லாம் கடைசியில பதில் சொல்றவன் நான்.

பிளாஸ்டிக்ல பளபளப்புத் திரவம் அடிச்ச வண்டி என்கிட்ட வரும், ஒரு கீறலுக்கு டச்-அப் பண்ணணும்பாங்க. பெயின்ட் அடிச்சா நடுவுல குட்டிக் குட்டிப் பள்ளமா விலகி நிக்கும். ஃபிஷ் ஐம்போம். ஒரு சொட்டு சிலிக்கோன் போதும். அதனால நாளைக்குப் பெயின்ட் அடிக்கற எண்ணம் இருந்தா இன்னிக்கு அதைத் தொடாதீங்க.

பெயின்ட் அடிக்கலாமான்னு கேட்டா, அடிக்கலாம், ஆனா எல்லா இடத்துலயும் இல்லை. பாலிபுரொப்பிலீன்ல எதுவும் சுலபமா ஒட்டாது. தொழிற்சாலையில பம்பருக்குக் கலர் அடிக்கறதுக்கு முன்னாடி தீச்சுடர் காட்டி மேல்பரப்பை மாத்தற வழக்கமெல்லாம் உண்டு, அவ்வளவு வீம்பு பிடிச்ச சாமான். நமக்கு அந்த வசதி இல்லை. அட்ஹீஷன் புரொமோட்டர்னு பெயின்ட்டை ஒட்ட வைக்கற ஒரு மெல்லிய திரவம் இருக்கு, சாதாரண பிரைமர் வேற இது வேற. அதை ஈரமா ஒரு கை அடிச்சு, டப்பாவுல சொன்ன நேரத்துக்குள்ள மேல பெயின்ட் போகணும். விட்டுட்டு அப்புறம் வந்தா திரும்ப அதுல இருந்து ஆரம்பிக்கணும். சிவப்பு ஸ்கஃப் பேடால (சொரசொரப்பான நார் பேட்) லேசாத் தேய்ச்சா போதும், உப்புத்தாள் வச்சு ராவினா பாலிபுரொப்பிலீன் பஞ்சு மாதிரி நூல் நூலா எழும்பிடும், அப்புறம் அதை மறைக்க முடியாது. டிரிம் பிளாக்னு தனியா மேட் பெயின்ட் வருது, பளபளப்பு இல்லாம கம்பெனி கறுப்பு மாதிரியே இருக்கும். மெல்லிசா மூணு கோட். கனமா ஒரே கோட் போட்டா சொரசொரப்பு அடைபட்டு பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆயிடும்.

என் கணக்கு: கல்லும் காலும் படற இடத்துக்குப் பெயின்ட் வேண்டாம். சக்கர வளைவுல அடிச்சா ஒரு மழைக்காலத்துல கல் அடிச்சுப் பொத்தல் பொத்தலா சாம்பல் தெரியும், முன்ன இருந்ததைவிட அசிங்கம். கவுல், மிரர் அடி, ரூஃப் ரெயில் மூணும் சும்மா இருக்கற சாமான், அதுக்குப் பெயின்ட் தாராளமா.

சாம்பல்பம்பர்:
மாமா, நான் ஏற்கெனவே மூணு வகை ஸ்ப்ரே அடிச்சிருக்கேனே, அது எல்லாம் போகுமா?

டிங்கர்மாமா:
போகும், ஆனா கை வலிக்கும். ஞாயிறுகழுவலைக் கேளுங்க, கை வலிக்கறதுல அவருக்கு ஆனந்தம்.

ஞாயிறுகழுவல்:
ஆனந்தம்தான், மறுக்கல. இந்த வேலையில முக்கால்வாசி கழுவறதுதான். கோட்டிங் பத்து நாள்ல போச்சுன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேர் அழுக்குக்கு மேல கோட்டிங் போட்டவங்க.

முதல்ல வழக்கமான ஷாம்பு கழுவல். அப்புறம் ஆல் பர்ப்பஸ் கிளீனரை 1க்கு 10 தண்ணி கலந்து, நிழல்ல, பிளாஸ்டிக் சூடு ஆறின பிறகு அடிச்சு, நடுத்தரமான ப்ரஷ்ஷால வட்டமா தேய்க்கணும். சொரசொரப்புப் பள்ளத்துக்குள்ள துணி போகாது, ப்ரஷ் முடிதான் போகும். முதல் தடவை வர்ற நுரை பழுப்பா இருக்கும், அது தூசி. ரெண்டாவது தடவை சாம்பலா, பால்ல கரி கலந்த மாதிரி வரும். அதுதான் அண்ணன் சொன்ன உதிர்ந்த தோல். நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க. எனக்கு ஒரு தடவை நாலாவது சுற்று வரைக்கும் போச்சு. காய விடாம அலசிடுங்க, காய்ஞ்சா பக்கத்துப் பெயின்ட்ல கறை நிக்கும்.

கழுவி முடிச்சதும் தண்ணியக் கவனிங்க. முத்து முத்தா உருண்டு ஓடினா பழைய சிலிக்கோன் இன்னும் இருக்கு. படலமாப் படிஞ்சு மெதுவா வடிஞ்சா போயாச்சு. பாலிபுரொப்பிலீனுக்கே தண்ணிய அவ்வளவாப் பிடிக்காது, அதனால புது பார்ட்ல இந்தச் சோதனை ஏமாத்தும். நரைச்ச பார்ட்டோட தோல் ஆக்சிஜன் ஏறினது, அதுல நல்லாவே தெரியும். காய்ஞ்ச பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து வெள்ளைத் துணியில நனைச்சுத் துடைங்க. துணியில கறுப்பு வர்றது நின்னா அடுத்த வேலைக்குப் போகலாம். மூலை முடுக்குல தண்ணி ஒளிஞ்சிருக்கும், குறிப்பா பேட்ஜ் பின்னாடி. ஒரு மணி நேரம் விடுங்க. அந்த நேரத்துல வண்டிக்குள்ள சுத்தம் பண்ணலாம், இல்ல என்னை மாதிரி சும்மா நின்னு பார்த்துட்டு இருக்கலாம்.

வேக்ஸ் வெள்ளைத் திட்டுக்கு: பென்சில் அழிக்கற ரப்பர். சிரிக்காதீங்க, சின்னத் திட்டுக்கு அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. பெரிய இடம்னா ஸ்டீமர், இல்லேன்னா மினரல் டர்பன்டைன் துணியில கொஞ்சமா எடுத்து ப்ரஷ்ஷோட, கையோட சோப்புத் தண்ணி. ரப்பர் பீடிங்ல அது படக் கூடாது. இனிமே வேக்ஸ் போடும்போது ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. பத்து நிமிஷ வேலை, ரெண்டு மணி நேரத்தைக் காப்பாத்தும்.

புதுசுநான்:
மேஜிக் ஸ்பான்ஜ் வச்சுத் தேய்க்கலாமா? வெள்ளையா இருக்குமே, வீட்ல சுவர்க் கறைக்கு வர்றது.

ஞாயிறுகழுவல்:
அது மெலமைன் நுரை. பார்க்கத்தான் பஞ்சு, வேலை பொடி உப்புத்தாள். கறை போகும், கூடவே மேட் தன்மையும் போய் வழவழன்னு திட்டு விழும். வேண்டாம்.

சாம்பல்பம்பர்:
சரி, கழுவியாச்சுன்னு வச்சுக்குவோம். பம்பருக்கும் கிளாடிங்குக்கும் பெயின்ட் வேண்டாம்னு மாமா சொல்லிட்டார். அப்ப எதை நிரப்பறது?

ஞாயிறுகழுவல்:
நான் சின்னச் சின்னப் பட்டையா டேப் ஒட்டிப் பிரிச்சு ஒரே பம்பர்ல பலது போட்டுப் பார்த்திருக்கேன். (வீட்ல பம்பரைப் பார்த்துட்டு ‘வரிக்குதிரை’ன்னு பேர் வச்சாங்க.) தண்ணி போல இருக்கற பால் நிற டிரெசிங்: கழுவக் கழுவப் போகும், ஆனா ஒரு பொருள் அடிக்கடி போடற பழக்கம் இருக்கறவங்களுக்கு அதுல தப்பில்லை, பிசுபிசுப்பும் கம்மி. கெட்டி சிலிக்கோன் எண்ணெய் வகை: பளபளப்பு, வழிசல், தூசி, உங்களுக்கே தெரியும். கறுப்பு நிறமி கலந்த ரிஸ்டோரர், சொல்யூஷன் ஃபினிஷ் மாதிரி: இது மேட்டாவே நிக்குது, ஆழமாக் கறுக்குது, கைக்குக் கிளவுஸ் இல்லேன்னா நாலு நாளைக்கு நகக்கண்ணுல இருக்கும். காய்ஞ்சு இறுகற கோட்டிங், செராகோட் டிரிம் கோட் மாதிரி துணியில நனைச்சே வர்றது, இல்ல சின்ன பாட்டில் செராமிக்: இதுதான் என்கிட்ட அதிக நாள் நின்னது. ஈரமான எண்ணெயும் இறுகற கோட்டிங்கும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்கறதுதான் பெரிய தப்பு. பாட்டில்ல ‘போட்ட பின் இத்தனை மணி நேரம் நனையக் கூடாது’ன்னு இருந்தா அது இறுகற வகை. அந்த வரியே இல்லேன்னா அநேகமா எண்ணெய்.

போடறது: உள்ளங்கை அளவு இடமா எடுத்துக்கிட்டு, ஒரு தடவை நெடுக்கா, ஒரு தடவை குறுக்கா. ரெண்டு நிமிஷம் பொறுத்து வேற காய்ஞ்ச மைக்ரோஃபைபரால மிச்சத்தை எடுத்துடணும். எடுக்க மறந்த இடம் பிசின் சொட்டு மாதிரி இறுகிடும். பெயின்ட்ல பட்டா அப்பவே துடைங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணி படாம நிக்கட்டும்.

பழையவண்டி:
லின்சீட் ஆயில் விட்டுட்டீங்களே. காய்ச்சின ஆளிவிதை எண்ணெய். மரச் சாமானுக்குப் போடறது. அது காத்து பட்டு இறுகற எண்ணெய்தானே? நான் மட்கார்டுக்குப் போட்டு நல்லாவே நின்னுச்சு.

மோல்டிங்_ஆள்:
இந்தத் தடவை நீங்க சொன்னது ஓரளவு சரி, இறுகும். மஞ்சள் பாயும், தூசி பிடிக்கும், உரியும்போது எடுக்கறது கஷ்டம், அது இருக்கட்டும். ஒண்ணு மட்டும் எல்லாரும் படிங்க: அந்த எண்ணெய் நனைஞ்ச துணியக் கசக்கி மூலையில போடாதீங்க. இறுகும்போது அதுவே சூட்டைக் கிளப்பும், சுருட்டின துணிக்குள்ள சூடு வெளியேற வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம், ராத்திரி ஷெட் எரிஞ்சிடும். வெளியில ஒத்தையா விரிச்சுக் காய வைங்க, இல்ல தண்ணி ஊத்தின தகர டப்பாவுல மூடி வைங்க.

பழையவண்டி:
...என் துணி இப்ப சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சுருட்டித்தான் கிடக்கு. போயிட்டு வர்றேன்.

சீட்வேலை:
கூப்பிட்டாங்கன்னு வந்தேன். சீட், கூரைத்துணி, டேஷ்போர்டு தைக்கறது என் வேலை. நீங்க ரெக்சின்னு சொல்றதும் வினைல்னு சொல்றதும் பிவிசி. பிவிசி தன்னியல்புல குழாய் மாதிரி விறைப்பு. அதை மடிக்கற மாதிரி ஆக்கறதுக்கு உள்ளே ஒரு எண்ணெய்ப் பொருள் கலந்திருக்காங்க, பிளாஸ்டிசைசர். வெயில்ல நிக்கற மூடின வண்டியில டேஷ்போர்டு மேல்பரப்பு 70, 80 டிகிரி சர்வசாதாரணமாத் தொடும். அந்தச் சூட்டுல பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி வெளியேறும். முன் கண்ணாடி உள்பக்கம் ஒரு எண்ணெய்ப் படலம் படியுதே, அதுல பெரும்பங்கு இதுதான். எண்ணெய் போனா வினைல் சுருங்கும், விறைக்கும், ஒரு நாள் வெடிக்கும். முன் கண்ணாடி ரெண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவுல படலம் வச்சது, புறஊதாவைப் பெரும்பாலும் அதுவே தடுத்துடும். அதனால டேஷ்போர்டைக் கொல்றது முக்கியமா சூடுதான்.

இதுல ஹீட் கன் பிடிச்சா என்ன ஆகும்னு இப்ப புரியுமே. பத்து வருஷத்துல போற எண்ணெய பத்து நிமிஷத்துல விரட்டற வேலை.

மேல தடவற எதுவும் உள்ளே போய் அந்த எண்ணெயைத் திருப்பி நிரப்பாது. ‘ஊட்டம்’னு எழுதியிருந்தா நம்பாதீங்க. சோப்புத் தண்ணியில மென்மையான ப்ரஷ், ஈரத்துணி, அப்புறம் பளபளப்பு இல்லாத, தண்ணி அடிப்படையிலான புறஊதாத் தடுப்பு ஒண்ணு. 303ங்கற பிராண்ட் நல்லாயிருக்கு, எனக்கு. பளபளன்னு அடிச்சா வெயில்ல டேஷ்போர்டு முன் கண்ணாடியில பிரதிபலிச்சு ரோடே தெரியாது. ஸ்டீயரிங், பெடல், டிரைவர் சீட்ல அடிக்கவே அடிக்காதீங்க, வழுக்கும். நிறம் மங்கின வினைலுக்கு வளையற மாதிரியான வினைல் டை இருக்கு, சுத்தமாக் கழுவிட்டு மெல்லிசா அடிச்சா உரியாது. ஏர்பேக் மூடி இருக்கற இடத்துல மட்டும் எதையும் அடிக்கவோ ஒட்டவோ கூடாது. அது வெடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட கோட்டுல கிழியணும்னு செஞ்சு வச்சிருக்கு.

கண்ணாடி ஓர பீடிங்: அதுல ரெண்டு பாகம். வெளியே தெரியற கறுப்பு ஓரம் பல வண்டியில பிவிசி, கண்ணாடியைத் தொடற உதடு மாதிரியான பகுதி மேல வெல்வெட் பூச்சு. ஓரத்துக்கு டிரெசிங் தடவுங்க, உதட்டுக்குத் தடவாதீங்க, கண்ணாடியில கோடு விழும். வெடிச்சு நெளிஞ்சதை மீட்க வழியில்லை, மாத்தணும். ரெண்டு கதவுக்கு நடுத்தூண்ல கறுப்பா இருக்கறது பல வண்டியில ஒட்டின வினைல் படலம். நிறைய பேர் அதைப் பெயின்ட்னு நினைச்சு பாலிஷ் போட்டுக் கெடுக்கறாங்க. நரைச்சா ஹேர் டிரையர்ல லேசாச் சூடு காட்டி உரிச்சுட்டு புதுசு ஒட்டறதுதான் வழி.

பழைய காலத்து வினைல் கூரை வண்டி யாராவது வச்சிருந்தா தனியாக் கேளுங்க. அதுல நிறத்தைவிடப் பயப்பட வேண்டியது தையல். தையல் வழியா தண்ணி இறங்கினா மேல பளபளன்னு இருக்கும்போதே அடியில தகடு துருவேறிக்கிட்டு இருக்கும்.

சாம்பல்பம்பர்:
அக்கா, கதவுல கண்ணாடி ஸ்விட்ச் இருக்கற பேனல் கையில பிசுபிசுன்னு ஒட்டுது. துடைச்சாலும் போகல. அதுவும் இதே கதையா?

சீட்வேலை:
இல்லை. அது மெத்துனு இருக்கணும்னு மேல அடிச்ச பாலியூரித்தேன் பூச்சு. காத்துல இருக்கற ஈரம் பட்டுப் பட்டு அது சிதைஞ்சு பசையாயிடும். திரும்ப வராது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு பொறுமையாத் தேய்ச்சு முழுசா எடுத்துடுங்க, அடியில கெட்டியான பிளாஸ்டிக் இருக்கும், அது போதும். ஸ்விட்ச் மேல இருக்கற படம் எழுத்து அழியாம பார்த்துக்கங்க. அசிட்டோன் கொண்டு போனா அடியில இருக்கறது ஏபிஎஸ்ஸா இருந்து கரைஞ்சு போகும்.

சாம்பல்பம்பர் (மூணு வாரம் கழிச்சு):
ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓடிப் போச்சு. செஞ்சதைச் சொல்றேன்.

கழுவல் மூணு சுற்று. சாம்பல் நுரை வருதுன்னு சொன்னதை நம்பல, வந்துச்சு. பழைய ஸ்ப்ரே மிரர்லதான் பிடிவாதம், ரெண்டாவது ஆல்கஹால் துடைப்புலதான் தண்ணி உருள்றது நின்னுச்சு. பம்பர்ல பாதியை டேப் ஒட்டிப் பிரிச்சு ஒரு பக்கம் நிறமி ரிஸ்டோரர், ஒரு பக்கம் இறுகற கோட்டிங். கிளாடிங் நாலுக்கும் கோட்டிங். மிரர் அடியையும் ரூஃப் ரெயிலையும் மாமா சொன்னபடி கழட்டி புரொமோட்டர், டிரிம் பிளாக் மூணு கோட். கழட்டினது நல்லதாப் போச்சு, டேப் ஒட்டியே அடிச்சிருந்தா ஓரத்துல கோடு தெரிஞ்சிருக்கும்.

தப்பும் நடந்துச்சு. பின் கிளாடிங் போடும்போது போன் வந்து பேசப் போயிட்டேன். திரும்பி வந்தா மிச்சத்தை எடுக்காத ஒரு கை அகலம் மினுமினுன்னு இறுகிப் போச்சு, நடுவுல என் கட்டைவிரல் ரேகை, ஆதாரத்தோட.

ஞாயிறுகழுவல்:
அதே கோட்டிங்கைத் துணியில கொஞ்சம் எடுத்து அந்த இடத்துல தேய்ங்க. சீக்கிரமா செஞ்சா பழசைக் கொஞ்சம் இளக்கும், உடனே துடைச்சு எடுத்துடலாம். நாள் ஆயிட்டா பாலிஷிங் காம்பவுண்டும் பழைய டூத் ப்ரஷ்ஷும்தான்.

சாம்பல்பம்பர்:
பாதி போச்சு. ரேகை போகல. இருக்கட்டும், வண்டி தொலைஞ்சா அடையாளம்.

சாம்பல்பம்பர் (எட்டு மாசம் கழிச்சு):
யாராவது தேடி வந்து படிப்பாங்கன்னு எழுதறேன். கோட்டிங் போட்ட பம்பர் பாதி இன்னும் நனைஞ்ச மாதிரி கறுப்பு. நிறமி போட்ட பாதி மேட்டா, ஒரு இழை வெளுத்திருக்கு. உண்மையச் சொன்னா எனக்கு அந்த மேட் பாதிதான் பிடிச்சிருக்கு. இதுதான் கம்பெனி நிறம், அது கொஞ்சம் அதிகப்பிரசங்கம். பெயின்ட் அடிச்ச மிரர்ல ஒண்ணும் ஆகல. முன் சக்கர வளைவுல டயர் கல் அடிக்கற ஓரம் மட்டும் சாம்பல் எட்டிப் பார்க்குது, அடுத்த மாசம் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை போடணும்.

கவுலுக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு கழட்டினேன். 11 கிளிப்ல 4 உடைஞ்சது, பிளாஸ்டிக்கே ரஸ்க் மாதிரி நொறுங்குது, ஒரு காது கையோட வந்துருச்சு. அதனால புதுசே வாங்கி மாட்டிட்டேன். மாட்டறதுக்கு முன்னாடியே கோட்டிங் போட்டாச்சு. பழசைத் திருப்பிப் பார்த்தா போனெட் ரப்பர் எப்பவும் மூடியிருந்த இடத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. 9 வருஷம் முன்னாடி இருந்த அதே கறுப்பு, சொரசொரப்புப் புள்ளிகூடக் கூர்மையா இருக்கு. அதுக்கு ஒரு நூல் தள்ளி சிமென்ட் தரை.

டிங்கர்மாமா:
அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி. நரைச்ச பகுதியில வெட்டி எடுத்து வைங்க. அடுத்த தடவை புது பாட்டில் வாங்கினா முதல்ல அதுல போட்டுப் பார்க்கலாம்.

புதுசுநான்:
அந்தத் துண்டுல மேஜிக் ஸ்பான்ஜ் தேய்ச்சுப் பார்க்கலாம்ல?

ஞாயிறுகழுவல்:
அதுல தாராளமாத் தேய்ங்க.